ஜெராக்ஸ் கடைக் கணினியில் எந்த ஃபைல் எதில் திறக்க வேண்டும்

எந்த ஃபைல் எந்த மென்பொருளில் திறக்க வேண்டும் என்ற அமைப்பு மூன்றாவது சுற்றில்தான் நிலைத்து நின்றது. இப்போது பிடிஎஃப்பை டபுள் கிளிக் செய்தால் அடோபி ரீடர் திறக்கிறது, மறுநாள் காலையிலும் அதுவே திறக்கிறது. பத்து ஃபைலை ஒன்றாகத் தேர்ந்து ரைட் கிளிக் செய்தால் ‘பிரின்ட்’ வருகிறது. ஆதார் பிடிஎஃப்பில் மஞ்சள் கேள்விக்குறி போய்ப் பச்சை டிக் விழுகிறது. கேட்டால் சின்ன வேலை மாதிரி இருக்கும். இரண்டு மாலைகள் போயின, மொத்தம் ஏழு மணி நேரம். அதில் நான்கு மணி நேரம் தவறான வழியில்.

கணினி ஒரு ஜெராக்ஸ், பிரின்ட் கடையின் கவுன்டரில் இருப்பது. விண்டோஸ் 11 ஹோம், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கறுப்பு வெள்ளைக்கு ஒரு லேசர் பிரின்டர், கலருக்கு ஒரு இங்க்ஜெட். யூசர் கணக்கு இரண்டு: உரிமையாளருக்கு ஒன்று, கவுன்டரில் நிற்பவருக்கு ஒன்று. வருகிற ஃபைல்களில் முக்கால்வாசி பிடிஎஃப். அடுத்தது ஃபோட்டோ. மிச்சம் வேர்டு, எக்செல், எப்போதாவது பள்ளியிலிருந்து ஒரு சிஎஸ்வி (கமாவால் பிரித்த பட்டியல்), கல்யாணப் பத்திரிகைக்காக ஒரு கோரல் டிரா. கடையில் எல்லாரும் அவசரத்தில் இருப்பார்கள், ‘எதில் திறப்பது’ என்று கணினி கேட்டால் முதலில் தெரிவதை அழுத்திவிடுவார்கள். பிரச்சினை முளைத்தது அங்கேதான்.

முதலில் வால் தெரிய வேண்டும்

எதையும் மாற்றுவதற்கு முன் ஃபைல் பெயரின் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் செய்யுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ → ‘ஷோ’ → ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’. விண்டோஸ் 10-இல் மேலே உள்ள ‘வியூ’ டேபிலேயே டிக் பெட்டி இருக்கும். விண்டோஸ் ஒரு ஃபைலை எதில் திறப்பது என்று அந்தக் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் வாலை வைத்துத்தான் முடிவு செய்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. வால் மறைந்திருந்தால் ‘பில்.பிடிஎஃப்.ஜேஎஸ்’ என்ற ஃபைல் ‘பில்.பிடிஎஃப்’ என்றே கண்ணுக்குத் தெரியும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஷார்ட்கட் ஃபைலின் வால் மட்டும் இந்த டிக் போட்டாலும் தெரியாது, விண்டோஸ் அதை எப்போதும் மறைத்தே வைக்கும். பென் டிரைவில் ஃபோல்டர்களையெல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றிவிடும் வைரஸ் கடைகளில் சுற்றுவதற்கு இது வசதி. ‘வியூ’வில் ‘டீட்டெயில்ஸ்’ வைத்து ‘டைப்’ என்ற பத்தியைப் பாருங்கள். ஃபோல்டர் படம் போட்டுக்கொண்டு ‘ஷார்ட்கட்’ என்று எழுதியிருந்தால் அதைத் தொடக் கூடாது.

பிடிஎஃப்: முதல் சுற்று

பழைய நிலையில் பிடிஎஃப் எட்ஜ் உலாவியில் திறந்துகொண்டிருந்தது. விண்டோஸ் வரும்போதே அப்படித்தான் இருக்கும். படிக்க மட்டும் என்றால் ஒரு குறையும் இல்லை. கடைக்கு ஆகாததற்குக் காரணம், எட்ஜ் டீஃபால்ட்டாக (டபுள் கிளிக் செய்தால் தானாகத் திறப்பதாக) இருக்கும்போது பிடிஎஃப்பின் ரைட் கிளிக் மெனுவில் ‘பிரின்ட்’ இருக்காது. எட்டு ஃபைல் வந்தால் எட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் கன்ட்ரோல்-பி அழுத்த வேண்டும்.

முதலில் தேர்ந்தது சுமத்ரா பிடிஎஃப். சிறிய மென்பொருள், இன்ஸ்டால் செய்யத் தேவையில்லாத போர்ட்டபிள் வடிவமும் கிடைக்கும். இந்தக் கணினியில் ஒரு நொடிக்குள் திறந்தது. அடோபி ரீடர் முதல் தடவை திறக்க ஆறேழு நொடி எடுத்தது. வேகத்தைப் பார்த்துச் சுமத்ராவை வைத்தது தவறு. எதில் வேகமாகத் திறக்கிறது என்று பார்த்தோமே தவிர, திறந்தபின் கவுன்டரில் என்ன வேலை நடக்கிறது என்று பார்க்கவில்லை. ஆதாரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க அதில் வழியில்லை. எக்ஸ்எஃப்ஏ வகையில் செய்த பழைய அரசுப் படிவங்களைத் திறந்தால் ‘பிளீஸ் வெயிட்’ என்ற ஒரே பக்கம் வந்து நிற்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஃபைல் நன்றாகத்தான் இருக்கும், திறக்கிற மென்பொருளுக்கு அந்த வகை தெரியாது, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் போர்ட்டபிள் வடிவத்தால் வந்தது. ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரில் இருந்தபடியே ‘ஓப்பன் வித்’ → ‘சூஸ் அன் ஆப் ஆன் யுவர் பிசி’ என்று அதைக் காட்டிவிட்டு, பிறகு ஒழுங்காக வைக்கலாம் என்று வேறு ஃபோல்டருக்கு நகர்த்தியாயிற்று. அதோடு பிடிஎஃப் திறப்பது நின்றது. சரி, புது இடத்தைக் காட்டுவோம் என்று மறுபடி ‘ஓப்பன் வித்’ போனால், காட்டுகிறோம், ஓகே கொடுக்கிறோம், பட்டியலில் சேரவே இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. காரணம், அதே பெயருள்ள மென்பொருளுக்கு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பழைய முகவரி இருக்கிறது, விண்டோஸ் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. ‘ரெஜ்எடிட்’ திறந்து, ஹெச்கீ கரன்ட் யூசர் → சாஃப்ட்வேர் → கிளாஸஸ் → அப்ளிகேஷன்ஸ் என்று போனால் அந்த மென்பொருளின் பெயரில் ஒரு கீ இருக்கும். அதனுள் ஷெல் → ஓப்பன் → கமாண்ட் என்பதில் பழைய பாதை கிடக்கும். அதைப் புதுப் பாதையாகத் திருத்தலாம், அல்லது அந்த மென்பொருளின் கீயை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி ‘ஓப்பன் வித்’ செய்யலாம். இதைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம். போர்ட்டபிள் மென்பொருள் என்றால் முதலில் அதற்கு நிரந்தரமான ஒரு ஃபோல்டர் கொடுங்கள், பிறகு டீஃபால்ட் ஆக்குங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதை டீஃபால்ட் ஆக்கவே வேண்டாம்.

இரண்டாம் சுற்று: குறுக்கு வழி பலிக்கவில்லை

அடோபி ரீடரை இன்ஸ்டால் செய்தாயிற்று. டவுன்லோட் பக்கத்திலேயே கூடச் சேர்ந்து வரும் மென்பொருள்களுக்கு டிக் போட்டிருக்கும், அவற்றை எடுத்துவிட்டே இறக்குங்கள். ரீடர் போதும், பணம் கட்டும் அக்ரோபேட் இந்த வேலைக்குத் தேவையில்லை.

கணக்கு இரண்டு, மாற்ற வேண்டிய வால்களோ பதினைந்துக்கு மேல். ஒவ்வொன்றாகக் கிளிக் செய்யச் சோம்பல்பட்டு, முதலில் கமாண்ட் பிராம்ப்ட்டில் பழைய ‘அசோக்’, ‘எஃப்டைப்’ கட்டளைகளைக் கொடுத்துப் பார்த்தோம். பிழையே இல்லாமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒன்றும் மாறவில்லை. அந்தக் கட்டளைகள் கணினி முழுவதற்குமான பொது அமைப்பை மாற்றுகின்றன. யூசர் தானே கிளிக் செய்து தேர்ந்தெடுத்தது ‘யூசர் சாய்ஸ்’ என்ற பெயரில் தனியாக இருக்கும், எப்போதும் அதுதான் ஜெயிக்கும்.

அப்படியானால் யூசர் சாய்ஸையே எடுத்து வைப்போம் என்று, சரியாக அமைந்த ஒரு கணக்கிலிருந்து அந்தக் கீயை ஏற்றுமதி செய்து மற்றக் கணக்கில் இறக்கியது அடுத்த தவறு. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அந்தக் கீயில் மென்பொருளின் பெயரோடு ஒரு ஹேஷும் (சரிபார்ப்புக் குறியீடு) இருக்கிறது. அந்த ஹேஷ் குறிப்பிட்ட யூசரைப் பொறுத்துக் கணக்கிடப்படுவது. வேறு கணக்கில் கொண்டுபோய் வைத்தால் ஹேஷ் பொருந்தாது. உடனே ‘ஒரு ஆப் டீஃபால்ட் அமைப்பில் சிக்கல் உண்டாக்கியது, அதனால் மாற்றியமைக்கப்பட்டது’ என்ற பொருளில் மூலையில் ஓர் அறிவிப்பு வரும், பிடிஎஃப் மறுபடி எட்ஜுக்குப் போய்விடும். போதாததற்கு 2024-இல் வந்த அப்டேட்களோடு பிடிஎஃப், வெப் முகவரி ஆகியவற்றின் யூசர் சாய்ஸை வெளி மென்பொருள்கள் எழுத முடியாதபடி காக்கும் ஒரு டிரைவரும் சேர்ந்திருக்கிறது. ரெஜிஸ்ட்ரியைத் திருத்தி மாற்றிவிடலாம் என்று சொல்லும் பழைய குறிப்புகள் இப்போது ஓடாததற்குக் காரணம் இதுதான். கண்ட கண்ட மென்பொருள் தானாகவே பிடிஎஃப்பைப் பறித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்தப் பூட்டு, அதனால் இதோடு சண்டை போடுவதில் நியாயமும் இல்லை.

மூன்றாம் சுற்று: கிளிக் செய்தே மாற்றியது

‘செட்டிங்ஸ்’ → ‘ஆப்ஸ்’ → ‘டீஃபால்ட் ஆப்ஸ்’. மேலே ஃபைல் வகையைத் தட்டச்சு செய்யும் ஒரு பெட்டி இருக்கும். அங்கே புள்ளியையும் சேர்த்து வாலை அடியுங்கள், இப்போது எதில் திறக்கிறது என்று கீழே காட்டும். அதைத் தொட்டு வேண்டியதைத் தேர்ந்து ‘செட் டீஃபால்ட்’. ஒரு வாலுக்கு இருபது நொடி. விண்டோஸ் 10-இல் இதே பக்கத்தின் அடியில் ‘சூஸ் டீஃபால்ட் ஆப்ஸ் பை ஃபைல் டைப்’ என்று இருக்கும், நீளமான பட்டியல், திறக்கவே நேரம் பிடிக்கும். அங்கேயே ‘ரீசெட்’ பொத்தானும் இருக்கிறது. அதைத் தெரியாமல் அழுத்தினால் எல்லா வகையும் ஒரே அடியில் ஆரம்ப நிலைக்குப் போய்விடும், திரும்பக் கொண்டுவரப் பொத்தான் கிடையாது.

ஆப்பின் பெயரைத் தேடி, அது திறக்கக்கூடிய வகைகளையெல்லாம் ஒரே பக்கத்தில் மாற்றும் வழியும் உண்டு. வீடியோ ஓட்டும் விஎல்சிக்கு மட்டும் அப்படிச் செய்தது லாபம்.

அமைப்பு அந்தந்தக் கணக்குக்கு மட்டுமே. உரிமையாளர் கணக்கில் செய்துவிட்டு முடிந்தது என்று எழுந்துபோனால், காலையில் கவுன்டர் கணக்கில் பழையபடியே இருக்கும். இரண்டிலும் உள்ளே போய்ச் செய்தாக வேண்டும். ‘டிஸ்ம்’ என்ற கட்டளை மூலம் டீஃபால்ட் பட்டியலை ஓர் எக்ஸ்எம்எல் ஃபைலாக எடுத்து இன்னொரு கணினியில் ஏற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் அப்படி ஏற்றுவது அதன்பிறகு புதிதாக உருவாக்கும் கணக்குகளுக்கே பொருந்தும், ஏற்கெனவே இருப்பவற்றைத் தொடாது. இருபது கணினி வைத்திருக்கும் சென்டருக்கு அது உதவும். இரண்டு கணக்குக்கு உட்கார்ந்து கிளிக் செய்வதே குறைந்த வேலை.

இன்னும் ஒன்று. புதிதாக ஏதாவது மென்பொருள் போட்டால், அது திறக்கக்கூடிய ஃபைலை அடுத்த தடவை தொடும்போது விண்டோஸ் ‘எதில் திறப்பது’ என்று மறுபடி கேட்கும். ‘ஆல்வேஸ்’, ‘ஜஸ்ட் ஒன்ஸ்’ என்று இரண்டு பொத்தான். கவுன்டரில் நிற்பவருக்குச் சொல்லிவைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கேட்டால் ‘ஜஸ்ட் ஒன்ஸ்’. இதை மானிட்டரின் ஓரத்தில் ஸ்டிக்கராகவே ஒட்டியாயிற்று.

ரைட் கிளிக் பிரின்ட்

ரீடர் டீஃபால்ட் ஆனதும் மெனுவில் ‘பிரின்ட்’ வந்துவிடும். விண்டோஸ் 11-இன் சுருக்க மெனுவில் தேடினால் கிடைக்காமல் போகலாம், ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரைட் கிளிக் செய்தால் பழைய முழு மெனு வரும். இப்படிப் பிரின்ட் கொடுத்தால் எத்தனை காப்பி, எந்தப் பிரின்டர் என்று எதுவும் கேட்காது. நேராக டீஃபால்ட் பிரின்டருக்குப் போகும். முதல் சோதனையில் பன்னிரண்டு பக்கம் கலர் இங்க்ஜெட்டில் வந்து விழுந்தது இதனால்தான். ‘செட்டிங்ஸ்’ → ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’ → ‘பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ போய் ‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரின்டர்’ என்பதை அணைத்துவிடுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் கடைசியாக எதில் பிரின்ட் எடுத்தோமோ அதுவே டீஃபால்ட் ஆகிவிடும். அணைத்தபின் லேசரைக் கையால் டீஃபால்ட் ஆக்க வேண்டும்.

பதினாறு ஃபைலைத் தேர்ந்தால் ‘பிரின்ட்’ மறைந்துவிடும். கோளாறு இல்லை, 15-க்கு மேல் தேர்ந்தால் ‘ஓப்பன்’, ‘பிரின்ட்’ இரண்டையும் விண்டோஸ் மறைத்துவிடும். ரெஜிஸ்ட்ரியில் இந்த எல்லையைக் கூட்டலாம், ஆனால் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பதினைந்து பதினைந்தாக அனுப்புவது 8 ஜிபி ரேமுக்கு நல்லது. தேர்ந்த வரிசைப்படியே பிரின்ட் வரும் என்றும் நம்பக் கூடாது. புத்தகம் போல வரிசை முக்கியமான வேலைக்கு முதலில் ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்துவிட வேண்டும்.

உலாவி தன் வழியில் போகும்

இத்தனையும் செய்தபிறகும் குரோமில் ஒரு பிடிஎஃப் இணைப்பைத் தொட்டால் குரோமுக்குள்ளேயே திறக்கிறது. அரை மணி நேரம் டீஃபால்ட் பக்கத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தது வீண். உலாவி தனக்குள் பிடிஎஃப் காட்டும்போது விண்டோஸின் டீஃபால்ட்டைக் கேட்பதே இல்லை. குரோமில் ‘செட்டிங்ஸ்’ → ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ → ‘சைட் செட்டிங்ஸ்’, கீழே கூடுதல் அமைப்புகளில் ‘பிடிஎஃப் டாக்குமென்ட்ஸ்’, அங்கே ‘டவுன்லோட் பிடிஎஃப்ஸ்’. எட்ஜிலும் சைட் பெர்மிஷன்களுக்குள் பிடிஎஃப்புக்கென்று இதேபோல ஒன்று உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் ‘ஜெனரல்’ பக்கத்தின் ‘அப்ளிகேஷன்ஸ்’ பட்டியலில் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகத் தேர்வு இருக்கும். இதன்பிறகு பிடிஎஃப் இறங்கும், இறங்கியதைத் தொட்டால் ரீடர் வரும். வாட்ஸ்அப்பின் கணினி ஆப் விண்டோஸ் டீஃபால்ட்டையே பின்பற்றும், அங்கே எதுவும் மாற்ற வேண்டியதில்லை.

கேள்விக்குறியைப் பச்சை டிக் ஆக்குவது

ரீடரைத் தேர்ந்ததற்குப் பாதிக் காரணம் இது. இ-ஆதாரின் கடவுச்சொல், ஆதாரில் உள்ளபடி பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், தொடர்ந்து பிறந்த ஆண்டு, மொத்தம் எட்டு. திறந்ததும் கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறியோடு ‘வேலிடிட்டி அன்நோன்’ என்று இருக்கும். அப்படியே பிரின்ட் எடுத்தால் கேள்விக்குறியும் சேர்ந்து அச்சாகும், வாங்குகிற அலுவலகத்தில் கேள்வி வரும்.

இணையம் இணைந்திருக்கட்டும். கையொப்பத்தின் மேல் ரைட் கிளிக் → ‘வேலிடேட் சிக்னேச்சர்’ → ‘சிக்னேச்சர் பிராபர்ட்டீஸ்’ → ‘ஷோ சைனர்ஸ் சர்ட்டிஃபிகேட்’. இடதுபக்கம் சான்றிதழ்கள் ஏணிபோல அடுக்கியிருக்கும், உச்சியில் சிசிஏ இந்தியா (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்களுக்கான அரசு அமைப்பு) என்று இருப்பதைத் தேர்ந்து, ‘டிரஸ்ட்’ டேபில் ‘ஆட் டு டிரஸ்டட் சர்ட்டிஃபிகேட்ஸ்’, ஓகே, ஓகே, மறுபடி ‘வேலிடேட்’. முதல் முயற்சியில் உச்சியைத் தேர்ந்தெடுக்காமல் அடியில் இருந்த கையொப்பக்காரரின் சான்றிதழையே சேர்த்துவிட்டோம். அந்த ஒரு ஃபைலுக்கு டிக் வந்தது, வேறு துறையின் ஃபைலுக்கு வரவில்லை. உச்சியைச் சேர்த்தால் அதன்கீழ் வரும் எல்லாவற்றுக்கும் அது போதும். அங்கே சிசிஏ இந்தியா இல்லாமல் வேறு ஏதோ பெயர் இருந்தால் சேர்க்காதீர்கள். யார் வேண்டுமானாலும் தானே ஒரு சான்றிதழ் செய்து கையொப்பமிட முடியும்.

வாடிக்கையாளர் ஃபைல்களின் பெயர் ‘ரீசன்ட்’ பட்டியலில் தொங்கிக்கொண்டிருக்காமல் இருக்க, ‘பெர்சனலைசேஷன்’ → ‘ஸ்டார்ட்’ என்பதில் சமீபத்தில் திறந்தவற்றைக் காட்டும் ஸ்விட்சையும் அணைத்துவிட்டோம்.

படங்கள்

ஜேபிஜி, பிஎன்ஜி இரண்டும் விண்டோஸின் ‘ஃபோட்டோஸ்’ ஆப்பிலேயே இருக்கட்டும் என்று விட்டாயிற்று. படம் பார்க்கும் மென்பொருளான இர்ஃபான்வியூ வேகமானது, பிரின்ட் அளவை எண்ணாகவே கொடுக்கலாம். போட்டபிறகுதான் உரிமம் கண்ணில் பட்டது: வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம், கடைக்கு உரிமம் வாங்க வேண்டும். எடுத்துவிட்டோம். ‘இலவசம்’ என்று எழுதியிருப்பதை வீட்டுக்கு வேறு, கடைக்கு வேறு என்று படித்துப் பழகுவது நல்லது. லிப்ரே ஆபீஸ் (வேர்டு, எக்செல் போன்ற தொகுப்பு), விஎல்சி, 7-ஜிப் மூன்றுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

படத்தை ரைட் கிளிக் செய்து ‘பிரின்ட்’ கொடுத்தால் வரும் பெட்டியில் ‘ஃபிட் பிக்சர் டு ஃபிரேம்’ என்று ஏற்கெனவே டிக் போட்டிருக்கும். ஸ்கேன் செய்த மதிப்பெண் பட்டியலின் ஓரம் வெட்டுப்பட்டு வருவது அதனால்தான். டிக்கை எடுத்துவிட்டால் முழுப் படமும் வரும்.

ஜேஎஃப்ஐஎஃப் என்ற வால் பலரை அலைக்கழிக்கிறது. உலாவியில் படத்தைச் சேமித்தால் சில கணினிகளில் ஜேபிஜிக்குப் பதில் இந்த வாலோடு சேமிக்கிறது, பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும் இணையதளம் அதை ஏற்காது. உள்ளே இருப்பது ஜேபெக் படமேதான், எனவே வாலை ஜேபிஜி என்று மாற்றிப் பெயர் கொடுத்தால் போதும். நிரந்தரமாகத் தீர்க்க, ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கீ கிளாஸஸ் ரூட் → மைம் → டேட்டாபேஸ் → கன்டென்ட் டைப் → இமேஜ்/ஜேபெக் என்பதில் ‘எக்ஸ்டென்ஷன்’ மதிப்பை .ஜேபிஜி என்று மாற்ற வேண்டும், ஆங்கிலத்தில், முன்னால் புள்ளியோடு.

ஆனால் இதே வேலையை ஐஃபோனின் ஹெச்இஐசி படத்துக்குச் செய்தால் நடக்காது. அது உண்மையிலேயே வேறு வடிவம், பெயரை மாற்றினால் திறப்பதும் நின்றுவிடும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஹெச்இஐஎஃப் எக்ஸ்டென்ஷன் இலவசம். கூடவே ஹெச்இவிசி எக்ஸ்டென்ஷனும் வேண்டும், அதற்குச் சிறு தொகை கேட்கும். இரண்டும் இருந்தால் ஃபோட்டோஸில் திறக்கும், பெயின்ட்டில் திறந்து ஜேபிஜியாகச் சேமிக்கலாம். பாஸ்போர்ட் அளவு ஃபோட்டோவுக்கு வருபவர் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் ஜேபெக் ஆகிவிடும், ஆனால் தரம் குறையும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் தரம் நிற்கும், ஹெச்இஐசியாகவே வரும். டாக்குமென்ட்டாக வாங்கி இங்கே மாற்றுவதே மேல்.

சிஎஸ்வியை எக்செலிடமிருந்து பிரித்தது

இந்த ஒரு மாற்றத்தை எந்தக் கணினியிலும் முதலில் செய்வேன். சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்தால் எக்செலின் பல பதிப்புகள் ஒன்றும் கேட்காமல் திறந்துவிடும். திறக்கும்போதே முன்னால் உள்ள பூஜ்ஜியங்களைத் தின்றுவிடும். 12 இலக்க ஆதார் எண்ணை அடுக்குக்குறி எண்ணாகச் சுருக்கிக் காட்டும். 16 இலக்க எண் என்றால் இன்னும் மோசம், பதினைந்து இலக்கத்துக்கு மேல் அது நினைவில் வைக்காது, கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும். அப்படியே சேமித்துவிட்டால் பழைய எண் போனது போனதுதான். யூடிஎஃப்-8-இல் இருக்கும் தமிழ்ப் பெயர்களும், ஃபைலின் தொடக்கத்தில் அதற்கான அடையாளக் குறி இல்லாவிட்டால், குப்பையாகத் தெரியும்.

எக்ஸ்எல்எஸ்எக்ஸ், எக்ஸ்எல்எஸ் இரண்டும் எக்செலில், சிஎஸ்வி மட்டும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் என்று பிரித்தோம். கால்க் திறக்குமுன் ஒரு பெட்டி காட்டும். எழுத்துத் தொகுதியில் ‘யூனிகோட் (யூடிஎஃப்-8)’, பிரிப்பானாகக் கமா, கீழே முன்னோட்டத்தில் ஆதார், ஃபோன், கணக்கு எண் உள்ள பத்திகளின் தலையைத் தொட்டு வகையை ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். தேதிப் பத்தி இருந்தால் ‘டேட் (டிஎம்ஒய்)’. இதை விட்டால் ஐந்தாம் தேதி ஆறாம் மாதம், ஆறாம் தேதி ஐந்தாம் மாதமாகத் திரும்பிவிடலாம். எக்செலிலேயே செய்தாக வேண்டுமென்றால் டபுள் கிளிக் செய்யாமல் ‘டேட்டா’ → ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாகப் போய், வகையைக் கண்டறிய வேண்டாம் என்று சொல்லி இறக்க வேண்டும்.

வேர்டும் மற்றவையும்

டாக், டாக்எக்ஸ் வேர்டிலேயே நிற்கின்றன. லிப்ரே ஆபீஸ் இன்ஸ்டால் ஆகும்போது இவற்றையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும், டிக் போடாமல் நகருங்கள். ஒரு தமிழ் டாக்குமென்ட் இரண்டு பக்கம் கூடுதலாக வந்தபோது டீஃபால்ட் மாறிவிட்டதோ என்று தேடியது வீண். உண்மையில் லதா எழுத்துரு இல்லை. இப்போதைய விண்டோஸில் அது ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதியில் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்று தனியாக இறக்க வேண்டியது. இறக்கியதும் பக்கம் சரியாகிவிட்டது. யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைலும் இதே கதைதான். எதில் திறந்தாலும் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும், தேவைப்படுவது எழுத்துரு.

கோரல் டிராவின் சிடிஆர், பேஜ்மேக்கரின் பிஎம்டி இரண்டையும் லிப்ரே ஆபீஸ் டிராவுக்குக் கொடுத்தோம். என்ன இருக்கிறது என்று பார்க்க, சின்ன பெயர் திருத்தத்துக்கு உதவும். எழுத்து இடம் நகரும், அச்சுக்கு அப்படியே அனுப்பக் கூடாது.

ஜிப் 7-ஜிப்புக்கு. விண்டோஸில் ஜிப்பை ஃபோல்டர் போலத் திறந்து, உள்ளேயிருக்கும் வேர்டு ஃபைலில் திருத்தினால், திருத்தம் ஜிப்புக்குள் போவதில்லை. 7-ஜிப் சேமிக்கட்டுமா என்று கேட்கும். பழைய கல்யாண விசிடியின் வீடியோ டாட் (DAT) என்ற வாலோடு இருக்கும், விஎல்சிக்குள் இழுத்துப் போட்டால் ஓடும். ஆனால் டாட்டை விஎல்சிக்கு டீஃபால்ட் ஆக்காதீர்கள், நூறு மென்பொருள் நூறு விஷயத்துக்கு அதே வாலைப் பயன்படுத்துகிறது.

ஜேஎஸ், விபிஎஸ் என்ற நிரல் ஃபைல்கள் இரண்டையும் நோட்பேடுக்கு மாற்றியது கடைசி வேலை. இவற்றை டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் திறந்து காட்டாது, ஓடவிடும். ‘பில்.பிடிஎஃப்.ஜேஎஸ்’ என்று மின்னஞ்சலில் வருவதை யாராவது தொட்டுவிட்டாலும் இப்போது நோட்பேடில் புரியாத எழுத்தாகத் திறக்கும், அதோடு போயிற்று.

செலவும் அடுத்த தடவையும்

மென்பொருளுக்கு ஆனது ஹெச்இவிசிக்கான சிறு தொகை மட்டும். வீணான கலர் பிரின்ட் பன்னிரண்டு பக்கம். சரியான வழி முன்பே தெரிந்திருந்தால் ஒரு கணக்குக்கு நாற்பது நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அடுத்த கணினியில் வரிசையை மாற்றுவேன். முதலில் எல்லா மென்பொருளையும் போட்டு முடித்து, ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து, அதன்பிறகே டீஃபால்ட்டைத் தொடுவது. இங்கே ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டு மாற்றியதால், மாற்றியதையே மறுபடி கேட்டது. சோதனைக்கென்று ஒரு ஃபோல்டரில் ஒவ்வொரு வாலுக்கும் ஒரு மாதிரி ஃபைல் வைத்து, டபுள் கிளிக், ரைட் கிளிக் பிரின்ட், உலாவி என்று மூன்று வழியிலும் பார்ப்பது. இந்தக் கடையில் அந்த ஃபோல்டர் இப்போது டெஸ்க்டாப்பில் இருக்கிறது, பெரிய விண்டோஸ் அப்டேட் வந்த மறுநாள் காலை ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்க.

மிச்சம் இருப்பது பப் ஃபைல்கள். கடையின் பழைய பத்திரிகை மாதிரிகள் பாதி பப்ளிஷரில் செய்தவை. அந்த மென்பொருளை 2026 அக்டோபரோடு நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. லிப்ரே ஆபீஸ் டிராவில் திறந்து பார்த்ததில் அழகெழுத்துகள் கலைந்துபோகின்றன. அதனால் பப்பின் டீஃபால்ட்டை இப்போதைக்குத் தொடவில்லை. பப்ளிஷர் ஓடுகிறவரை ஒவ்வொன்றாகத் திறந்து பிடிஎஃப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது கடை, நாளைக்கு நான்கைந்து வீதம்.